இடப்பக்கத்து இருக்கை

பிரான்சில், லா சப்பல் பகுதியின் ரூ லூயி-பிளாங் தெருவில் மழை பிடித்துக்கொண்டால் நம்மவர் தேநீர்க் கடைக்குள் ஒதுங்குவார்கள். அங்கே இடமில்லையென்றால் தொலைபேசிக் கடைக்குள் ஒதுங்குவார்கள். 2010ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பிரின்ஸ்டன் மட்டும் வள்ளிநாயகி அக்காவின் தையற்கடைக்குள் ஒதுங்கினான். ஒதுங்கினான் என்பதுகூடப் பிழை. விழுந்தான் என்பதே சரி.

அவன் தோளில் ஆளுயரத்துக்குச் சுருட்டிய சிவப்புத் தோல் இருந்தது. அதன் நுனி, தைத்து முடித்த சட்டைகள் தொங்கிய கம்பியை இடித்தது. கம்பி சரிந்தது. சட்டைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நிலத்தில் குவிந்தன... குவியலின் உச்சியில் ஒரு கலியாணப் பெண்ணின் கூறைச் சட்டை. அதன்மேல் அவனுடைய முன்மயிரிலிருந்து மழைத்துளி ஒன்று, பிறகு இன்னொன்று, சாவகாசமாகச் சொட்டியது.

"அண்ணை, கண் தெரியேல்லையோ?"

தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்த பெண் அவனைப் பார்த்தாள். அந்தக் கண்கள்... மையிடாத, தூக்கம் குறைந்த கண்கள். ஆனாலும் வெளியே பெய்த மழையின் வெளிச்சம் முழுவதும் அவற்றுக்குள்தான் போய் நின்றதுபோல் இருந்தது. கோபத்தில் அவை இன்னும் அகன்றன. இடப்புருவத்தின்மேல் ஒரு மஞ்சள் நூல்துண்டு ஒட்டியிருந்தது. அவள் முறைத்தபோது அதுவும் சேர்ந்து முறைத்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று பிரின்ஸ்டன் நினைத்தான். சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கும் அந்த வியாதி அவனுக்குப் பிறவியிலேயே உண்டு. அது எத்தனை வருடங்களை விழுங்கப்போகிறது என்பதுதான் அன்று அவனுக்குத் தெரியாது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இது... சீற் தைக்க வேணும்."

"என்ன சீற்?"

"கார் சீற். ரெண்டு. ரேஸ் கார்."

"இஞ்சை மனிசருக்குத்தான் தைக்கிறது, அண்ணை. காருகள் சட்டை போடுற காலம் வரட்டும், சொல்லி அனுப்புறம்."

பின்னறையிலிருந்து கடைக்காரி வள்ளிநாயகி அக்காவின் சிரிப்புக் கேட்டது.

"நாலு இடத்திலை கேட்டிட்டன்," என்றான் அவன். "ரெண்டே ரெண்டு சீற்றுக்காக ஒருத்தரும் மினக்கெட மாட்டினமாம்."

அவள் சட்டைகளைப் பொறுக்கியபடியே தோலின் ஓரத்தை இரண்டு விரல்களால் நீவிப் பார்த்தாள். வாய் மறுத்தாலும் விரல்களுக்கு அந்தத் தோல் பிடித்துவிட்டது.

"அளவுச் சட்டை கொண்டந்தனீங்களோ?"

"காருக்கோ?"

"அளவுக்கு ஒண்டு இல்லாமல் நான் கத்தரிக்கோலைத் தொடமாட்டன். கலியாணப் பொம்பிளையா இருந்தால் என்ன, காரா இருந்தால் என்ன."

நம் பெண்கள் தையற்கடைக்குப் போகும்போது தங்களுக்குப் பொருந்திய பழைய சட்டை ஒன்றைக் கொண்டுபோவார்கள். உடம்பை அளப்பதில்லை, அந்தச் சட்டையை அளப்பதே முறை. அடுத்த சனிக்கிழமை பிரின்ஸ்டன் இரண்டு வெறும் இருக்கைக் கூடுகளைக் கைக்கொன்றாகச் சுமந்து, மெற்றோவில் நெரிபட்டு, அந்தக் கடைக்கு அளவு கொண்டுவந்தான். அவள் பெயர் தாட்சாயினி என்பதை அன்று அறிந்துகொண்டான். வயது முப்பத்தொன்று, யாழ்ப்பாணத்தவள். அவன் மன்னாரைச் சேர்ந்தவன். அவனுக்கு வயது முப்பத்து மூன்று.

பக்கத்து நகரான ஒபர்வில்லியேயில், அவனுடைய அக்கா சிசிலியாவின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அந்தக் கார் உருவாகிக்கொண்டிருந்தது. ஐம்பதுகளில் பகலும் இரவும் நிற்காமல் ஓடிய நெடும்பந்தயங்களுக்கென்று கட்டப்பட்ட வகை அது. நீண்ட மூக்கு, கூரை கிடையாது, ஓட்டுபவனின் தலைக்குப் பின்னால் மீனின் முதுகுச் செட்டை போல ஒன்று நிமிர்ந்து நிற்கும். அசல் கார்களைக் கோடீசுவரர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள். இது நகல். இங்கிலாந்திலிருந்து பதினொரு பெட்டிகளில் துண்டுதுண்டாக வந்தது. கூடவே இருநூறு பக்க வழிகாட்டிப் புத்தகம். இரும்புக் குழாய்ச் சட்டகத்தைப் பூட்டுவதிலிருந்து கடைசி ஆணிவரை வாங்குபவனே செய்ய வேண்டும். பிரின்ஸ்டன் பஸ் பணிமனை ஒன்றில் மெக்கானிக். அங்கே மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற பெர்னார் என்ற கிழவர் ஒருநாள் அவனைப் பழைய கார்ப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போய், நண்பர் ஒருவரின் காருக்குள் ஐந்து நிமிடம் இருக்க வைத்தார். அந்த ஐந்து நிமிடத்தில் பிடித்த பைத்தியம்.

தாட்சாயினி முதன்முதல் அந்தக் கொட்டகைக்கு வந்தது நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். துணைக்கு வள்ளிநாயகி அக்கா. தனியாக வருவாளா என்ன.

அவள் காரை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு நின்றாள்.

"அண்ணை, ஸ்ரீயரிங் ஏன் இந்தப் பக்கம்?"

பிரின்ஸ்டன் தலையைச் சொறிந்தான். பிரான்சில் ஓட்டுபவருக்கு இடம் இடப்பக்கம். வலமா, இடமா என்று கார் வாங்கும் படிவம் கேட்டபோது, அவனுடைய கை யோசிக்காமல் வலத்துக்குக் கோடு போட்டுவிட்டது. பதினாறு வருடமாக இந்த நாட்டு பஸ்களைப் பிரித்துப் பூட்டிய கை. ஆனால் முதன்முதல் வாகனம் பழகிய மன்னார்த் தெருவை அது மறக்கவில்லை. நம்மவரைத் தவிர வேறெவரும் செய்யமுடியாத பிழை. பெட்டிகள் வந்து இறங்கிய அன்றுதான் கண்டான்.

"மாறி அடிச்சுப்போட்டன்."

"அப்ப முன்னாலை லொறி போனால் எப்பிடி முந்துவியள்? எதிரை வாறது உங்களுக்குத் தெரியாதே."

"பெர்னாரும் அதைத்தான் சொல்லிச் சிரிச்சவர். இடப்பக்கத்திலை இருக்கிற ஆள்தான் பாத்துச் சொல்ல வேணுமாம், 'பாதை வெளி, போ' எண்டு."

"அப்ப ஒரு ஆள் எந்தநாளும் பக்கத்திலை இருக்கோணும்."

"ஓம்..."

"ஆர் அந்த ஆள்?"

அவன் இடுக்கியைத் தேடினான். இடுக்கி அவன் கையில்தான் இருந்தது.

வலப்பக்கத்து இருக்கைக்கு அவனுடைய அளவு எடுத்தாயிற்று. இடப்பக்கத்துக்கு? ஒருவருடைய அளவும் இல்லாமல் தைக்க முடியாது என்று தாட்சாயினி பிடிவாதமாக நின்றாள். வள்ளிநாயகி அக்கா கொட்டாவி விட்டபடி, "நீயே ஏறி இருந்து பாரன் பிள்ளை, நேரம் போகுது," என்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இருந்தாள். தோள் எங்கே படுகிறது, முழங்கை எங்கே ஊன்றுகிறது என்று பிரின்ஸ்டன் தையற்சோக்கினால் கூட்டின்மேல் குறித்தான்... சோக்கு மட்டும் படவும் விரல் படாமலும். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தது கொட்டகையின் சுவர்தான். ஆயினும் நெடுந்தூரத்துப் பாதை ஒன்றைப் பார்ப்பவளைப் போல அவள் கண்கள் சற்றே சுருங்கியிருந்தன.

'இந்த அளவுக்கு வேறொருத்தி பொருந்தமாட்டாள்' என்று அவன் நினைத்தான். நினைத்தான் என்பதோடு சரி.

குளிர்காலம் முழுவதும் இருக்கைகள் தைக்கப்பட்டன. தோலூசி முறிந்தது; விரல் குத்துப்பட்டது; அவிழ்த்து மறுபடி தைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பொருத்திப் பார்க்க வருவாள். வள்ளிநாயகி அக்கா இரண்டு ஞாயிறுகள் துணை வந்தார். மூன்றாம் ஞாயிறு குளிர் என்றார். நான்காம் ஞாயிறு ஒன்றும் சொல்லாமலே நின்றுவிட்டார்.

சிசிலியா அக்கா வீட்டுக்குள்ளிருந்து யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பார். பதினேழு வயதில் தம்பியை இங்கே கூப்பிட்டெடுத்து வளர்த்தவர். கணவனை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, தேவாலயமும் தம்பியுமே உலகம். அவரை எதிர்த்து பிரின்ஸ்டன் ஒரு வாக்கியம் பேசியதில்லை. கறிக்கு உப்புக் கூடினாலும் சொல்லாமல் தண்ணீரைக் குடிப்பான். தாட்சாயினி சைவக்காரி என்பது அக்காவுக்குத் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்று அவனும் இருந்தான்.

சித்திரை மாதத்தில் பிரேக் குழாய்களுக்குள் நின்ற காற்றை வெளியேற்றும் வேலை வந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து மிதியை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லின் பக்கத்தில் படுத்துச் சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். பெர்னார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"நான் மிதிக்கிறன்," என்றாள் தாட்சாயினி. "மெஷின் மிதிச்ச கால்தானே."

அவன் பின்சில்லுக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். அவளைக் காணமுடியவில்லை; குரல் மட்டும் வந்தது.

"மிதியுங்கோ... பிடியுங்கோ... விடுங்கோ."

"கீழை என்ன நடக்குது?"

"குமிழ் வருது."

"எத்தினை?"

"எண்ணேல்லை."

"எண்ணுங்கோ. கால் நோகுது. எதுக்கு நோகுதெண்டாவது எனக்குத் தெரியோணும்."

"மிதியுங்கோ... பிடியுங்கோ. ஏழு."

"ஏழோ? நான் மிதிச்ச மிதிக்கு எழுபது வந்திருக்கோணும்."

கூரைத் தகரத்தில் தூறல் விழத் தொடங்கியது. மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். குமிழ்கள் நாலாகி, இரண்டாகி... ஒன்றாகும் நேரத்தில் மேலிருந்து அவள் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ... கால் விறைச்சுப்போச்சு."

பிரின்ஸ்டனின் கையில் திருகு அப்படியே நின்றது. அவள் 'அண்ணை' என்று கூப்பிடுவதைச் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிட்டாள் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தான். வேறெப்படியும் கூப்பிடாமல் இத்தனை நாள் சமாளித்தவளின் வாயிலிருந்து இப்பொழுது தவறி விழுந்தது 'இஞ்சேருங்கோ' என்ற அந்தச் சொல். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, தன் ஆயுளில் அந்தச் சொல்லை அந்தக் குரலில் ஒரே ஒருவனுக்குத்தான் சொல்வாள். அவளுக்கும் அது விளங்கிவிட்டது. மேலே மூச்சுச் சத்தம்கூட இல்லை. தூறல் மட்டும்.

ஓர் ஆண்பிள்ளை பேசுவதற்கு இதைவிட நல்ல தருணத்தை ஆண்டவன் எப்படிக் கொடுப்பான்? பிரின்ஸ்டன் பேசினான். என்ன பேசினான் தெரியுமா?

"இன்னும் ரெண்டு தரம் மிதியுங்கோ."

அவள் மிதித்தாள். பிறகு சிரிப்பது கேட்டது... அழகான, பொறுமையான சிரிப்பு. காத்திருப்பதற்குத் தயாராக இருந்தவளின் சிரிப்பு.

யூன் மாதம் பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இயந்திரத்தை முதன்முதல் இயக்குவதென்று முடிவாயிற்று. பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து வந்த சிசிலியா அக்கா, லூர்து மாதாவிடமிருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். அங்கே தாட்சாயினி குனிந்து நின்று சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்துக்கொண்டிருந்தாள். புது வாகனம் தேசிக்காயை நசுக்கித்தான் புறப்பட வேண்டும் என்று வள்ளிநாயகி அக்கா நான்கு காய்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அவளுக்கு அதில் பெரிய நம்பிக்கை என்று சொல்வதற்கில்லை. அவன் வேகமாக ஓட்டுவான். அவனுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

"உதென்ன கோதாரி?"

தாட்சாயினி நிமிர்ந்தாள். "தேசிக்காய், அக்கா. கண்ணூறு படாமல்..."

"எடுங்கோ. இது வேதக்காரற்றை வீடு."

"சரி அக்கா, எடுக்கிறன். அவருக்கு நல்லதுக்கெண்டுதான்..."

"அவருக்கோ?" சிசிலியா அக்காவின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "ஆறு மாசமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் பிள்ளை. சீற் தைக்க வந்தனீங்கள், தைச்சு முடிஞ்சுது. இந்தப் பக்கத்துச் சீற்றிலை ஆர் இருக்கிறதெண்டு நான் பாத்துக்கொள்ளுவன். சைவப் பெட்டையள் வந்து இருக்கிறதுக்கு நான் என்ரை தம்பியை வளக்கேல்லை."

தாட்சாயினி திரும்பி பிரின்ஸ்டனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை அவன் பின்னாளில் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறான். கண்ணீர் இல்லை, கோபம் இல்லை. விரிந்து, நிலைத்து, ஒரே ஒரு சொல்லைக் கேட்ட கண்கள். நீண்ட பேச்சுக் கேட்கவில்லை. 'அக்கா' என்று ஒருமுறை உரத்துச் சொல்லியிருந்தாலும் அவளுக்குப் போதும். பிரின்ஸ்டன் இயந்திரத்தின்மேல் குனிந்து நின்றான். நிமிரவில்லை. முகம் தெரியாதபடி இன்னும் சற்றுக் குனிந்தான்.

"அக்கா," என்றான். இரு பெண்களும் அவனையே பார்த்தார்கள்.

"...பெற்றோல் ஒழுகுது போலக் கிடக்கு. தள்ளி நில்லுங்கோ."

பேச வேண்டிய இடத்தில் பேசாதிருப்பதற்கு நம்மவர் அடக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்றும் சொல்வார்கள். அடக்கமும் அன்று, மரியாதையும் அன்று. ஒருத்தி நடுச்சபையில் தனித்து நிற்கும்போது குனிந்துகொள்பவனுக்குத் தமிழில் வேறு சொல் உண்டு. அதை அவரவர் அறிவர்.

தாட்சாயினி நான்கு தேசிக்காய்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று, மிகவும் மரியாதையாக, தெளிவாகச் சொன்னாள்:

"அப்ப நான் போட்டு வாறன், அண்ணை."

இயந்திரம் முதல் திருப்பலிலேயே இயங்கியது. கொட்டகை அதிர்ந்தது. சிசிலியா அக்கா தீர்த்தம் தெளித்துச் சிலுவை போட்டார். பிரின்ஸ்டன் இயந்திரத்தை நிறுத்தாமல் வெகுநேரம் ஓடவிட்டான்... அது நின்றால் கேட்கக்கூடிய அமைதிக்குப் பயந்து.

இரண்டு நாளில் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தான். சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தான். சனிக்கிழமை வந்ததும் வேறொன்று முளைத்தது: அக்காவுக்கு முன்னால் என்னை 'அண்ணை' என்று சொல்லிவிட்டுப் போனவள்தானே, அவள் பின்னால் நான் ஏன் ஓட வேண்டும்? வாய் திறக்காதவனுக்கு மானம் மட்டும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மூன்று சனிக்கிழமைகள் அந்த மானத்தோடு கழிந்தன. நாலாவது சனிக்கிழமை போனபோது வள்ளிநாயகி அக்கா தைத்த துணியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:

"அவ லியோனுக்குச் சித்தி வீட்டை போட்டா, தம்பி. விலாசம் கேக்காதை. குடுக்க வேண்டாம் எண்டவ."

கெஞ்சியிருக்கலாம். கடை வாசலிலேயே கிடந்திருக்கலாம். அவன் "சரி அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அன்றிலிருந்து லா சப்பலுக்குப் போவதையே விட்டான். கறிவேப்பிலைக்குக்கூட வேறு ஊர். லா சப்பலுக்குப் போகாத தமிழன் என்று பணிமனையில் சக தமிழர்கள் கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அக்கா இரண்டு, மூன்று பெண்களின் படங்களைக் காட்டினார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. படங்கள் மேசையில் கிடந்து மங்கின.

தனியாள் கட்டிய காருக்குப் பாதையில் ஓட்டும் பத்திரம் எடுப்பது இலேசன்று; கடிதங்கள் போயின, வந்தன. அதற்கிடையில் 2013இல் ஒருநாள் பெர்னாருடன் தனியார் பந்தயத் திடல் ஒன்றுக்குக் காரை லொறியில் ஏற்றிப்போனான். கிழவர் உற்சாகமாகத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இடப்பக்கத்தால் ஏறப்போனார்.

"அதிலே வேண்டாம், பெர்னார்," என்றான் பிரின்ஸ்டன் பிரெஞ்சில். "தையல் இன்னும் காயவில்லை."

கிழவர் காலைத் தூக்கியபடியே நின்றார். "தையல் காய்வதில்லை, தம்பி," என்றார் மெதுவாக. பிறகு காலை இறக்கி, கவசத்தைக் கழற்றிக்கொண்டு, புல்லில் போய் அமர்ந்தார். பிரின்ஸ்டன் தனியாகப் பத்துச் சுற்று ஓடினான். கார் அற்புதமாக ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்திலிருந்து யாரோ எதையோ சொல்லப்போவதுபோல அவனுடைய காது மட்டும் இடப்புறம் சாய்ந்திருந்தது.

2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் சிசிலியா அக்கா மூட்டுவாதத்தில் நோகும் வலத்தோளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் புதிதாகத் தைத்த சட்டை ஒன்று கிடந்தது.

"அந்தப் பிள்ளை தைச்சது," என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"எத்தினை பிள்ளையள் உனக்குச் சீற் தைச்சவை? வள்ளிநாயகியின்ரை கடை இப்ப அவவின்ரை. திரும்பி வந்து அஞ்சு வருசமாம். நான் தெரியாமல் போயிட்டன். கண்டதும் திரும்பி வர வெக்கமாக் கிடந்தது, அளவுச் சட்டையைக் குடுத்திட்டன்." அக்கா எண்ணெய்க் கையைத் துடைத்தார். "ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தைச்சுத் தந்தா. வந்து போட்டுப் பாத்தால், வலக்கை மட்டும் ரெண்டு விரல் தளர்த்தியாக் கிடக்கு. நான் கை தூக்க ஏலாமல் நிண்டதைக் கண்டிருக்கிறா. நான் கேக்கேல்லையடா. தானாச் செய்திருக்கிறா."

பிரின்ஸ்டன் சட்டையின் வலக்கையை விரலால் நீவிப் பார்த்தான்.

"கழுத்திலை தாலி இல்லை. பாத்தனான்."

அவன் சட்டையை மடித்து மேசையில் வைத்தான்.

"நீ ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே அக்கா..."

"நான் சொன்னனான். நான் சொல்லுற ஆள்தான். உனக்கு வாய் இல்லையோ? நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்திட்டு மூண்டாம் நாள் எழும்பிச் சோறு போட்டிருப்பன். அவ்வளவுதான் என்ரை கோவம். அதுக்கே நீ பயந்து கிடந்தனீ?"

எட்டு வருடத்தின் விலை இரண்டு நாள் பட்டினி. அன்று இரா முழுவதும் அந்தக் கணக்கு அவன் நெஞ்சில் ஏறி இருந்தது.

சனிக்கிழமை லா சப்பலில் இறங்கினான். வானம் வெளித்திருந்தது. மழையாவது பெய்திருக்கலாம், உள்ளே நுழைய ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும். கடைக் கண்ணாடிக்கு அப்பால் கூட்டம், கலியாணக் காலம். ஆறேழு பெண்கள் பைகளோடு இருந்தார்கள். நடுவில் தாட்சாயினி முழங்காலில் நின்று மணப்பெண் ஒருத்தியின் பாவாடை விளிம்பை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். உதடுகளுக்கிடையில் ஊசிகள் வரிசையாக நின்றன. காதோரம் இரண்டு நரைமயிர்... அவை வந்தபோது தான் அருகில் இல்லை என்பது அவனைச் சுட்டது.

கதவுமணி ஒலித்தது. அவள் நிமிர்ந்தாள். கண்கள் அகன்றன, வாய் நிறைய ஊசி.

"தம்பி, வரிசை இருக்கு," என்றார் ஒரு தாய்.

"தெரியும், அம்மா. நான் தைக்க வரேல்லை." அவன் தொண்டையைச் செருமினான். எல்லாருக்கும் கேட்கும்படி பேச வேண்டும். அன்று ஆட்களுக்கு முன்னால் பேசாமல் விட்டதை இன்று தனியே கூப்பிட்டுக் காதுக்குள் சொல்வது நியாயமன்று. "நான் பிரின்ஸ்டன். எட்டு வருசத்துக்கு முன்னம், என்ரை வீட்டிலை, என்ரை அக்கா தாட்சாயினியைப் பேசினவ. அப்ப நான் பெற்றோல் ஒழுகுதெண்டு சொன்னனான்."

கடையில் கத்தரிக்கோல் ஒன்று நின்றது.

"பெற்றோல் ஒழுகேல்லை. பொய். தலை நிமிரப் பயத்திலை சொன்னது. நான் சொல்லியிருக்க வேண்டியது வேறை. 'அக்கா, இந்தப் பிள்ளையை எனக்கு விருப்பம். இவ போனால் நானும் போவன்.' இவ்வளவுதான். ஒரு மூச்சுப் பிடிக்காது. அதைச் சொல்ல எனக்கு எட்டு வருசம் போச்சு. மறுமொழி வேண்டாம். இண்டைக்கும் சொல்லாமல் விட்டால்... நான் மனிசன் இல்லை எண்டு வந்தனான்."

மணப்பெண் அசையாமல் நின்றாள். தாட்சாயினி உதடுகளிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டிலிருந்த பஞ்சில் குத்தினாள். ஒன்று... இரண்டு... மூன்று... அவசரமே இல்லை. கடைசி ஊசியையும் குத்திய பிறகுதான் வாய் திறந்தாள். பார்வை மட்டும் பாவாடை விளிம்பிலேயே இருந்தது.

"உங்கடை வீட்டு ஒழுங்கை தெருவிலை முடியிற இடத்திலை ஒரு பஸ் தரிப்பு இருக்கு."

"ஓம்."

"அண்டைக்கு நான் அங்கை நிண்டனான். முதல் பஸ் வந்தது, விட்டன். அடுத்ததையும் விட்டன். எஞ்சின் ஸ்ரார்ட் ஆன சத்தம் அங்கை வரைக்கும் கேட்டது. நல்ல சத்தம்... சந்தோசமாக்கூட இருந்தது. இப்ப நிப்பாட்டிப்போட்டு வருவர் எண்டு நினைச்சன். நிக்கேல்லை. ஆறு பஸ்ஸை விட்டனான்."

பிரின்ஸ்டன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"விருப்பம் இல்லாதவள் ஆறு பஸ்ஸை விடுவாளோ?" என்றாள் அவள். அப்பொழுதுதான் கண்களை உயர்த்தி அவனைப் பார்த்தாள், அவை நிறைந்திருந்தன. "நீங்கள் செய்தது பிழைதான். அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனால் ஏழாவது பஸ்ஸிலை என்னை ஒருத்தரும் பிடிச்சு ஏத்தேல்லை. நானாத்தான் ஏறினனான். இன்னுமொரு பஸ்ஸைப் பாத்திருக்கலாம் எண்டு... லியோனிலையும் சரி, இஞ்சையும் சரி, நான் நினைக்காத நாள் இல்லை."